பிடித்த காசு திரும்புமா? வங்கிக் கட்டணமும் கடன் காப்புறுதியும்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே புகாரைச் சொல்கின்றன: கணக்கிலிருந்து காசு கழிந்திருக்கிறது, எதற்கு என்று ஒருவரும் விளங்கச் சொல்லவில்லை. சிலருடைய விஷயத்தில் வங்கி எடுத்தது நியாயமான கட்டணம்தான். அதையும் அப்படியே எழுதியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

கேள்வி: வீடு திருத்துவதற்கு 20 இலட்சம் ரூபா கடன் எடுத்தேன். பத்து வருடத் தவணை. கையில் வந்தது 19 இலட்சத்து 40 ஆயிரம்தான். மிச்சம் இன்சூரன்சுக்கு என்றார்கள். ஓய்வுபெற்று பணிக்கொடை கிடைத்ததும், ஐந்தாம் வருடத்திலேயே கடனை முழுதாகக் கட்டி முடித்துவிட்டேன். அந்த 60 ஆயிரத்தில் ஏதும் திரும்பக் கிடைக்குமா? (ஓய்வுபெற்ற ஆசிரியை, மானிப்பாய்)

பதில்: கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் நீங்களாகக் கேட்காவிட்டால் யாரும் கூப்பிட்டுத் தரமாட்டார்கள்.

உங்களுக்குத் தந்தது, வங்கிக்காரர் டிடிஏ என்று சொல்லும் காப்புறுதியாக இருக்கவேண்டும். கடன் குறையக் குறையக் காப்புத் தொகையும் குறைந்துகொண்டு போகும். கடன் எடுத்தவர் இடையில் இறந்தால் மிச்சத்தைக் காப்புறுதி நிறுவனம் கட்டும்; வீடு பிள்ளைகளுக்கு நிற்கும். ஒருவருடைய உழைப்பில் ஓடும் குடும்பம் என்றால் இதை எடுக்கும்படி நானே சொல்வேன். பிழை பொருளில் இல்லை, விற்கிற முறையில் இருக்கிறது. கடன் ஆவணக் கட்டோடு இன்னொரு படிவத்தையும் வைத்து, "இதிலயும் ஒரு கையெழுத்து போடுங்கோ ரீச்சர்" என்று சொல்வதோடு அந்த விற்பனை முடிந்துவிடும்.

பத்து வருடத்துக்கான காப்புறுதிக் கட்டுப்பணம், அதாவது அந்த 60 ஆயிரம், முதல் நாளே முழுதாகக் கழிந்துவிட்டது. கடன் ஐந்தாம் வருடத்தில் முடிந்தபின் இரண்டில் ஒன்று நடந்திருக்க வேண்டும். பத்திரத்தில் ஒப்படைப்புப் பெறுமதி (காப்புறுதியை இடையில் முடித்தால் திரும்பும் தொகை) என்று ஒரு வாசகம் இருந்தால், மிச்சக் காலத்துக்கு ஒரு தொகை உங்களுக்கு வரவேண்டும். இல்லாவிட்டால் பத்தாம் வருடம் முடியும்வரை காப்பு தொடர்ந்து, உங்களுக்கு ஏதும் நடந்தால் அந்தக் காசு உங்கள் உரித்தாளருக்குப் போகவேண்டும். இரண்டுமே இல்லை என்று சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். பாதிக் காலம் மிச்சம் என்பதால் பாதிக் காசை எதிர்பார்க்கவும் கூடாது. கடன் பெரிதாக இருக்கும் முதல் வருடங்களில்தான் நிறுவனம் அதிக ஆபத்தைச் சுமக்கிறது. கட்டுப்பணத்தில் பெரும் பங்கை அந்த வருடங்களே தின்றுவிடும்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். 60 ஆயிரமும் கடனுக்குள்ளேயே இருந்ததால் அதற்கும் வட்டி கட்டியிருக்கிறீர்கள். வட்டி 14 வீதம் என்று வைத்து, பத்து வருடமும் தவணை கட்டினால் அந்த 60 ஆயிரம் ஏறக்குறைய 112,000 ரூபாவாகிவிடும். இனிக் கடன் எடுக்கப்போகிறவர்கள் கட்டுப்பணத்தைத் தனியாகக் கையில் கட்ட முடியுமா என்று கேட்பது நல்லது.

இரண்டு கடிதம் எழுதுங்கள். வங்கிக்கு எழுதும் கடிதத்தில் காப்புறுதிப் பத்திரம், கட்டுப்பணப் பற்றுச்சீட்டு, நீங்கள் கையெழுத்திட்ட முன்மொழிவுப் படிவம் மூன்றினதும் பிரதிகளைக் கேளுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்தோடு கடன் தீர்த்த சான்றிதழை இணைத்து, ஒப்படைப்புத் தொகையைக் கேளுங்கள். முன்மொழிவுப் படிவம் கைக்கு வந்ததும் உடல்நலக் கேள்விகள் உள்ள பக்கத்தை முதலில் பாருங்கள். உங்களுக்கு அப்போதே நீரிழிவு இருந்து, அதை அறிந்தும் கேளாமலும் உத்தியோகத்தர் தன்பாட்டில் "இல்லை" என்று நிரப்பியிருந்தால் விஷயம் வேறு. நீங்கள் இறந்திருந்தால் அதே பக்கத்தைக் காட்டி இழப்பீட்டை மறுத்திருப்பார்கள். பயன் தராத காப்புறுதியை விற்றார்கள் என்று முழுக் கட்டுப்பணத்தையும் திருப்பிக் கேட்க அது வலுவான ஆதாரம்.

கேள்வி: என்ர மகன் லண்டனில். அவன் முந்தி எடுத்து 2002இல் கட்டி முடித்த ஒரு கடனுக்குப் பிபிஐ காசு ஆயிரக்கணக்கான பவுணில் வரும், அதற்கு முதலில் 350 பவுண் கட்டவேண்டும் என்று போன் வந்ததாம். கட்டலாமா? (தாயார், நல்லூர்)

பதில்: ஒரு பென்சும் கட்டவேண்டாம் என்று இன்றைக்கே சொல்லுங்கள்.

பிபிஐ என்பது அந்த நாட்டில் கடனோடும் கடனட்டையோடும் விற்ற தவணைக் காப்புறுதி. வேலை போனால், நோய் வந்தால் தவணையை அது கட்டும் என்று சொல்லி விற்றார்கள். சொந்தத் தொழில் செய்பவர், ஓய்வுபெற்றவர் என்று, அதிலிருந்து ஒருபோதும் காசு பெறமுடியாதவர்களின் தலையிலும் கட்டினார்கள். எங்கள் சனத்தில் கடை, பெற்றோல் செற் என்று சொந்தமாக நடத்தியவர்கள் பலர் இதில் அகப்பட்டார்கள். 2011இல் வங்கிகள் நீதிமன்றத்தில் தோற்ற பிறகு காசு திரும்பத் தொடங்கியது. மொத்தத்தில் 38 பில்லியன் பவுணுக்கு மேல் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் முறைப்பாட்டுக்குக் கடைசி நாள் 2019 ஓகஸ்ட் 29. அதை நினைவூட்ட ஆர்னோல்ட் ஸ்வார்ஸ்நெகரின் தலையைப் பொம்மையாகச் செய்து விளம்பரம் போட்டார்கள். உங்கள் மகனும் பார்த்திருப்பார்.

அந்த நாள் தாண்டிவிட்டது. நீதிமன்றத்துக்குப் போக ஒரு ஒடுங்கிய வழி மட்டும் மிச்சம் இருந்தது. 2014இல் பிளெவின் என்ற கைம்பெண்ணின் வழக்கு. அவருடைய கட்டுப்பணம் 5,780 பவுண், அதில் 71.8 வீதம் தரகாகப் போனது, அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. அவ்வளவு தரகை மறைத்ததே அநியாயம் என்று உயர்ந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் வந்த இன்னொரு தீர்ப்பின்படி, அந்தக் கடன் உறவு முடிந்து ஆறு வருடத்துக்குள் வழக்குப் போடவேண்டும். 2002இல் முடிந்த கடனுக்கு அந்தக் கதவும் பூட்டு. ஆகவே போனில் வந்தவர் விற்பது வெறும் ஆசை. முற்பணம் கேட்பதே போதிய அடையாளம்.

அங்கே மேலதிகப்பற்றுக்கு, அதாவது கணக்கில் இருப்பதை விடக் கூட எடுத்ததற்கு, பிடித்த பழைய கட்டணங்களைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். அந்தக் கட்டணங்கள் பற்றி நடந்த வழக்கில் 2009இல் வங்கிகள்தான் வென்றன. 2020 ஏப்ரலிலிருந்து, அனுமதி பெறாத மேலதிகப்பற்றுக்கு, அனுமதி பெற்றதற்கு எடுப்பதை விடக் கூடிய கட்டணம் எடுக்க முடியாது. அதற்கு முந்தியதை இப்போது கிளறுவதில் பலன் குறைவு. கடும் பணக் கஷ்டத்தில் இருப்பவர் என்றால் வங்கியிடம் அதைச் சொல்லிக் கேட்கலாம்.

கேள்வி: 1995 இடப்பெயர்வில் அப்பாவின் சேமிப்புப் புத்தகம் தொலைந்துவிட்டது. அவரும் இப்போது இல்லை. கணக்கில் இருந்த காசைக் கட்டணம் என்று கழித்தே முடித்திருப்பார்கள் என்கிறார் அண்ணா. உண்மையா? (நெல்லியடி)

பதில்: அண்ணா முழுக்கப் பிழையும் இல்லை, முழுக்கச் சரியும் இல்லை. குறைந்த மீதிக்குக் கட்டணம் எடுக்கும் கணக்குகளில் சிறு தொகை கரைந்துபோவது உண்மை. ஆனால் பத்து வருடம் கொடுக்கல் வாங்கல் இல்லாத கணக்கின் காசு கைவிடப்பட்ட சொத்தாக மத்திய வங்கிக்கு மாற்றப்படும். வங்கி அதை விழுங்கிவிட முடியாது. உரியவரோ உரித்தாளரோ அந்த வங்கி ஊடாகவே விண்ணப்பித்து மீட்கலாம். புத்தகம் இல்லை என்பதற்காகப் பின்வாங்க வேண்டாம். அப்பாவின் பழைய அடையாள அட்டை இலக்கம், அப்போதைய முகவரி, எந்தக் கிளை என்ற மூன்றோடு எழுதுங்கள். அந்தக் காலத்தில் இடம் மாறி இயங்கிய கிளைகள் பல, அதனால் தலைமை அலுவலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். மரணச் சான்றிதழும் உரித்தாளர் யார் என்பதற்கான அத்தாட்சியும் கேட்பார்கள். தொகை சிறிதாக இருக்கக்கூடும்; அதை அறிந்துகொண்டு அலையுங்கள்.

கேள்வி: கடனட்டைக் கூற்றில் மாதாமாதம் ஒரு சிறு தொகை, "பாதுகாப்புத் திட்டம்" என்று. நான் கேட்டதே இல்லை. (திருநெல்வேலி)

பதில்: இது கடனட்டை நிலுவைக்கான ஒரு காப்புறுதி. எப்போதோ போனில் "சரி" என்று சொல்லியிருப்பீர்கள். மிச்ச நிலுவையில் ஒரு வீதம் என்று எடுப்பார்கள். நிலுவை கூடினால் இதுவும் கூடும். இன்றைக்கே எழுத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். அதே கடிதத்தில், நீங்கள் சம்மதித்ததாகச் சொல்லும் போன் ஒலிப்பதிவையோ கையெழுத்தையோ கேளுங்கள். காட்ட முடியாவிட்டால் தொடங்கிய நாளிலிருந்து எடுத்த முழுவதையும், அதற்கு ஏறிய வட்டியையும் திருப்பிக் கேட்கலாம். காட்டினால், இனிப் பிடிப்பது நிற்கும். பழையது வருவது கஷ்டம்.

கேள்வி: முதல் நாள் பின்னேரம் காசு போட்டேன். மறுநாள் என் காசோலை திரும்பிவிட்டது. கட்டணமும் எடுத்தார்கள், கொழும்பு வியாபாரியிடம் மானமும் போனது. (கஸ்தூரியார் வீதிக் கடைக்காரர்)

பதில்: போட்டது காசா, இன்னொருவருடைய காசோலையா? அதை நீங்கள் எழுதவில்லை. காசு என்றால் வைப்புச் சீட்டின் பிரதியோடு போங்கள். பிழை வங்கியினது, கட்டணத்தைத் திருப்பித் தரவேண்டும், வியாபாரிக்குக் காட்ட ஒரு விளக்கக் கடிதமும் தரவேண்டும். காசோலை என்றால் மறு வேலைநாளில்தான் அது தீரும். 2006இலிருந்து காசோலையின் படத்தை அனுப்பித் தீர்க்கும் முறை வந்த பிறகும் அந்த ஒரு நாள் தேவை. அப்படியானால் கட்டணம் நியாயமானது.

கேள்வி: லீசிங்கில் எடுத்த ஓட்டோ. தவணை பிந்தினால் கடிதக் கட்டணம், வீட்டுக்கு வந்து போன கட்டணம் என்று ஏற்றுகிறார்கள். காப்புறுதியும் அவர்கள் சொல்லும் இடத்தில்தான் எடுக்கவேண்டுமாம். (கொடிகாமம்)

பதில்: ஒவ்வொரு கட்டணமும் ஒப்பந்தத்தின் எந்தப் பக்கத்தில், எந்த வாசகத்தில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்கே சில கட்டணங்கள் காணாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். வாகனத்துக்கு முழுக் காப்புறுதி வேண்டும் என்று நிறுவனம் கேட்பது நியாயம். அது அவர்களுடைய பிணை. இன்ன நிறுவனத்தில்தான் என்று கட்டாயப்படுத்துவது வேறு விஷயம். வேறு இரண்டு இடத்தில் விலை கேட்டு, அதே காப்புக்கு எது மலிவோ அதை இணைத்து அனுமதி கேளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுதித் தரட்டும். 2023 ஓகஸ்டில் மத்திய வங்கி கொண்டுவந்த நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் வங்கிகளுக்கு மட்டுமல்ல, இந்த நிதி நிறுவனங்களுக்கும் பொருந்தும்.

கேள்வி: கிழமைக் கடனில் ஒவ்வொரு முறையும் "இறப்பு நிதி" என்று கழிக்கிறார்கள். பற்றுச்சீட்டு இல்லை. (மருதங்கேணி)

பதில்: பற்றுச்சீட்டு இல்லாத காப்புறுதி காப்புறுதியே அல்ல, தங்கச்சி. குழுவில் உள்ள எல்லாருமாகச் சேர்ந்து, எந்தக் காப்புறுதி நிறுவனம், பத்திர இலக்கம் என்ன என்று கேளுங்கள். தனியாகக் கேட்டால் அடுத்த கடன் தரமாட்டோம் என்று வெருட்டுவார்கள். கடன் தருவது பதிவுபெற்ற நிறுவனமா என்பதை மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கத்தில் கேட்டு அறியலாம். பதிவு இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்குப் போங்கள். 2018இல் வரட்சி மாவட்டங்களின் பெண்களுக்குக் கடன் தள்ளுபடி கொடுத்ததைச் சொல்லி, திரும்பவும் வரும் என்று யாராவது பணம் சேர்த்தால் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: கிளையில் எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். அடுத்தது யாரிடம் போவது? (சாவகச்சேரி)

பதில்: வாயால் சொன்னது எந்தக் கோப்பிலும் இருக்காது. திகதி, தொகை, எதைக் கேட்கிறீர்கள் என்ற மூன்றும் உள்ள ஒரு பக்கக் கடிதம், தமிழிலேயே, கிளைக்கும் தலைமை அலுவலக முறைப்பாட்டுப் பிரிவுக்கும். பதில் திருப்தி இல்லை, அல்லது பதிலே இல்லை என்றால் கொழும்பு 5, வஜிர வீதியில் உள்ள நிதி ஒம்புட்ஸ்மனுக்கு (வங்கி, நிதி நிறுவனங்கள் மேலான முறைப்பாடுகளை விசாரிப்பவர்). அங்கே கட்டணம் இல்லை. காப்புறுதி நிறுவனத்தோடு பிணக்கு என்றால் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் வேறாக இருக்கிறார். மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கும் அறிவிக்கலாம். கொழும்பு தூரம் என்றால் கிளிநொச்சியில் மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் உண்டு. வழக்கு ஏற்கெனவே நீதிமன்றத்தில் இருந்தால் ஒம்புட்ஸ்மன் தொடமாட்டார். வட்டி வீதம் கூட என்பதும் அவருடைய வேலை அல்ல. வருடக்கணக்கில் இழுக்கவும் வேண்டாம்: எழுத்து ஒப்பந்தத்தின் மேல் வழக்குப் போட ஆறு வருடம், எழுத்தில் இல்லாததற்கு மூன்று வருடம் என்பது எங்கள் காலவிதிப்புச் சட்டம்.

கேள்வி: முகாமையாளர் எங்களுக்குச் சொந்தம், கோயில் திருவிழாவிலும் முகம் பார்க்கவேண்டிய ஆள். கடிதம் கொடுத்தால் மனம் நோகமாட்டாரா? (சுன்னாகம்)

பதில்: கவுண்டருக்கு உட்பக்கத்தில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கடிதம் இல்லாமல் கட்டணத்தைத் திருப்பிப் போட்டால் கணக்காய்வில் பதில் சொல்லவேண்டியவர் அவர்தான். உங்களுக்கு உதவ நினைத்தாலும் அவருக்கு ஒரு தாள் தேவை. கோயிலில் கதைக்க வேண்டாம். வேலைநாளில் போய், கடிதத்தை அவருடைய கையிலேயே கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு வாருங்கள்.