எம்கியூ நகரவில்லை, சிபியுவோ சும்மா இருக்கிறது: எங்கே பார்ப்பது?

கேள்வி: ஐபிஎம் எம்கியூவில் (நிரல்களுக்கிடையே மெசேஜ்களைக் கியூவில் வைத்துக் கடத்தும் மென்பொருள்) பெர்சிஸ்டன்ட் மெசேஜ்களை, அதாவது தொலையாமல் இருக்க டிஸ்க்கில் பதிபவற்றை, ஒரே ஒரு நிரல் எடுத்துச் செயலாக்குகிறது. நொடிக்கு 400-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது. கியூவில் தேங்கிக்கொண்டே போகிறது. சிபியு 15 சதவீதம்கூட ஏறவில்லை. கோர்களைக் கூட்டலாமா?

பதில்: கூட்டிப் பயனில்லை. சிபியு சும்மா இருக்கிறது என்றால் நிரல் எதற்கோ காத்திருக்கிறது. பெரும்பாலும் அது லாக் டிஸ்க்தான், அதாவது எம்கியூ ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் டிஸ்க்.

பெர்சிஸ்டன்ட் மெசேஜை எடுத்து கமிட் செய்யும் (எடுத்ததை இறுதியாக்கும்) ஒவ்வொரு முறையும், லாக் டிஸ்க்கில் எழுதி முடியும்வரை நிரல் நிற்கும். ஒரு சுற்றுக்கு 2.5 மில்லிநொடி என்றால் ஒரு த்ரெட்டால் (நிரலின் ஓர் இயங்கு இழையால்) நொடிக்கு 400-தான் முடியும். உங்கள் கணக்கு அப்படியே பொருந்துகிறது. உறுதிசெய்ய, எம்கியூவோடு வரும் ஏஎம்கியூஎஸ்ஆர்யுஏ (amqsrua) நிரலை ஓட்டி, டிஸ்க் பிரிவில் லாக் ரைட் லேட்டன்சியை (லாக்கில் ஒருமுறை எழுத ஆகும் நேரத்தை) பாருங்கள். அது மைக்ரோநொடியில் வரும்; 2500-ஐ ஒட்டி இருந்தால் சந்தேகமே வேண்டாம். சில நூறுதான் என்றால், அந்த நேரம் உங்கள் நிரலுக்குள் டேட்டாபேஸ் அழைப்பிலோ வேறெங்கோ போகிறது.

லாக்தான் காரணம் என்றால் மெசேஜுக்கு ஒரு கமிட் என்பதை விட்டு, 50 மெசேஜுக்கு ஒரு கமிட் என்று மாற்றுங்கள். சிங்க்பாயின்ட்டே இல்லாமல் (கமிட்டுக்குக் காத்திராமல் ஒவ்வொன்றையும் உடனே இறுதியாக்கி) எடுக்கிறீர்கள் என்றால் ஒவ்வொன்றுக்கும் டிஸ்க் காத்திருப்பு உண்டு. அதை முதலில் நிறுத்துங்கள். வரிசை முக்கியமில்லை என்றால் த்ரெட்களையும் கூட்டலாம். பல கமிட்கள் ஒரே லாக் எழுத்தில் சேர்ந்து போகும். பெர்சிஸ்டன்ஸை எடுத்துவிட்டாலும் வேகம் வரும்தான், ஆனால் கியூ மேனேஜர் (கியூக்களை நடத்தும் எம்கியூ சர்வர்) ரீஸ்டார்ட் ஆனால் மெசேஜ் போய்விடும். அந்தக் குறுக்குவழி வேண்டாம்.

தொகுப்பாக எடுக்கும்போது ஒரு கெட்ட மெசேஜ் வந்தால் 50-உம் ரோல்பேக் ஆகிக் கியூவுக்கே திரும்ப வரும், மறுபடியும் அதே இடத்தில் விழும். எம்கியூஐயில் (எம்கியூவை நேரடியாக அழைக்கும் இடைமுகத்தில்) எழுதிய நிரல் பேக்அவுட் எண்ணிக்கையை, அதாவது மெசேஜ் எத்தனை முறை ரோல்பேக் ஆனது என்பதை, தானே பார்த்து, அந்த மெசேஜை ஒதுக்க வேண்டும். கியூ மேனேஜர் அதைச் செய்யாது. கியூவின் நிலையைக் காட்டும் டிஸ்ப்ளே கியூஸ்டேட்டஸ் கட்டளையில் அன்காம் எண் (கமிட் ஆகாத மாற்றங்கள்) இறங்காமலே நின்றால், ஏதோ ஒரு டிரான்சாக்ஷன் கமிட் ஆகாமல் கிடக்கிறது.

தேக்கம் டிரான்ஸ்மிஷன் கியூவில் (வேறொரு கியூ மேனேஜருக்குப் போகக் காத்திருக்கும் கியூவில்) என்றால் கதை வேறு. எதிர்முனையில் கியூ நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள். இயல்பு அமைப்பில் ரிசீவர் சேனல் (அங்கே மெசேஜை வாங்கிக் கியூவில் போடும் பகுதி) ஒரு மெசேஜுக்கு 1 நொடி இடைவெளியில் 10 முறை மறுமுயற்சி செய்யும். அதுவரை பின்னால் வரும் அத்தனையும், வேறு கியூக்களுக்குப் போக வேண்டியவை உட்பட, நிற்கும்.