ஞானப்பல் எடுத்த பிறகு ஒரு வாரம் ஐஸ்கிரீம்தானா?

கேள்வி: அடுத்த வாரம் எனக்குக் கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் ஞானப்பல்லை எடுக்கப்போகிறார்கள். "இனி ஒரு வாரம் ஐஸ்கிரீம்தான்" என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் எனக்கு ஒத்துக்கொள்ளாது. உண்மையில் என்ன சாப்பிடலாம்? வழக்கமான சாப்பாட்டுக்கு எப்போது திரும்பலாம்?

பதில்: ஐஸ்கிரீம் சாப்பிடுங்கள், தடையில்லை. முதல் நாள் அது இதமாகவும் இருக்கும். ஆனால் அதையே நம்பி இருப்பவர்கள் இரண்டாம் நாள் மாலைக்குள் வாயெல்லாம் தித்தித்து, உடம்பு தளர்ந்து, "ஏதாவது உப்பாகக் கொடுங்களேன்" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். புண் ஆறப் புரதம் வேண்டும், தண்ணீர் வேண்டும், வயிறும் ஓரளவு நிறைய வேண்டும்.

என்ன சாப்பிடுவது என்பதை முடிவு செய்யப்போவது பல் இருந்த குழிக்குள் உட்கார்ந்திருக்கும் இரத்தக்கட்டிதான். பல்லை எடுத்ததும் குழியில் இரத்தம் நிரம்பி உறைகிறது. அடியில் இருக்கும் எலும்புக்கும் நரம்புக்கும் அதுதான் மூடி. அது கரைந்தோ பெயர்ந்தோ போனால் எலும்பு வெளியே தெரியும். காதுவரை இழுக்கும் வலி வரும். 'ட்ரை சாக்கெட்' என்பது இதுதான். கீழ்த்தாடை ஞானப்பல்லில் இது அதிகம், உங்களுக்கு இரண்டுமே அங்கேதான். அதனால் முதல் சில நாட்கள் எதைப் பார்த்தாலும் "இது அந்தக் கட்டியை அசைக்குமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ரா வேண்டாம் என்பது இதனால்தான். உறிஞ்சும்போது வாய்க்குள் ஏற்படும் இழுப்பு கட்டியைப் பெயர்க்கலாம். ஜூஸ், மில்க் ஷேக் எதுவானாலும் டம்ளரில் குடியுங்கள், கெட்டியாக இருந்தால் ஸ்பூனால் எடுத்துச் சாப்பிடுங்கள். வேகமாகத் துப்புவதும் அதே வேலையைத்தான் செய்யும். ஸ்ட்ராவைக் கவனமாகத் தவிர்த்துவிட்டு வாசலில் போய் சிகரெட் பிடிப்பவர்களும் உண்டு. புகையில் உறிஞ்சுவதும் இருக்கிறது, இரத்த ஓட்டத்தைக் குறைக்கும் நிகோடினும் இருக்கிறது. ஸ்ட்ராவைவிட அது மோசம்.

சரி, முதல் நாள். பஞ்சைக் கடித்துக்கொண்டிருக்கச் சொன்ன நேரம் முடிந்தாலும் உடனே சாப்பிட உட்காராதீர்கள். மரப்பு விடச் சில மணி நேரம் ஆகும். அதற்குள் மென்றால் உங்கள் உதட்டையும் கன்னத்தையும் நீங்களே கடிப்பீர்கள், அப்போது தெரியவும் தெரியாது. மரப்பு விட்ட பிறகு குளிர்ந்ததோ அறைச் சூட்டில் இருப்பதோதான் நல்லது: தயிர், மசித்த வாழைப்பழம், நட்ஸ் இல்லாத ஐஸ்கிரீம், நன்றாக ஆறிய சூப். ஆவி பறக்கும் எதுவும் வேண்டாம், சூடு பட்டால் இரத்தக் கசிவு மறுபடி தொடங்கலாம். மதுவும் சோடா வகைகளும் சில நாட்கள் வேண்டாம்.

இரண்டாம், மூன்றாம் நாட்கள்தான் கஷ்டமானவை. வீக்கம் உச்சத்துக்கு வருவது அப்போதுதான், தாடையும் இறுகிக்கொள்ளும். சாப்பாட்டு ஸ்பூன் உள்ளே போகவில்லை என்று பலர் பயந்துவிடுகிறார்கள். டீஸ்பூனுக்கு மாறுங்கள். அதிலும் பாதியளவு எடுத்து, முன்பற்களைத் தாண்டியதும் நாக்கின் நடுவில் வைத்துவிட்டு ஸ்பூனை வெளியே எடுத்துவிடுங்கள். ஸ்பூன் நுனி கடைவாய்ப் பக்கம் போகவே கூடாது.

'மென்மையான உணவு' என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். எது மென்மை என்பதற்கு நான் சொல்லும் சோதனை இது: ஒரு வாய் எடுத்து, பல்லே படாமல் நாக்கால் மேலண்ணத்தில் வைத்து அழுத்துங்கள். மசிந்தால் சாப்பிடலாம், மசியாவிட்டால் இன்னும் இரண்டு நாள் போகட்டும். இரண்டு பக்கமும் புண் இருப்பதால் "மறுபக்கம் மெல்லுங்கள்" என்ற வழக்கமான அறிவுரை உங்களுக்கு உதவாது. நாக்கும் முன்பற்களும்தான் வேலை செய்ய வேண்டும்.

பால் சேர்த்துத் தளர்வாகக் கிளறிய முட்டை இந்தச் சோதனையில் தேறும். அடுப்பில் அரை நிமிடம் கூடுதலாக விட்டால் ரப்பராகித் தோற்றுவிடும். வெண்ணெய் சேர்த்து மசித்த உருளைக்கிழங்கு, கஞ்சி, குழைய வெந்த பருப்பு, முள் எடுத்து உதிர்த்த மீன் எல்லாம் சரி. சூப்பை அரைத்தபின் வடிகட்டிவிடுங்கள். தக்காளித் தோல் மிக்ஸியில் முழுதாக அரைபடாது, சுருண்டு போய்க் குழியில் ஒட்டிக்கொள்ளும். எள், கடுகு, விதையுள்ள பழங்கள் எல்லாவற்றுக்கும் இதே பிரச்சினைதான். காரமும் புளிப்பும் கட்டியை ஒன்றும் செய்யாது, ஆனால் புண்ணில் பட்டால் எரியும். எவ்வளவு தாங்குகிறது என்பதை உங்கள் நாக்கே சொல்லும்.

இனி மாத்திரை. ஐபுப்ரோஃபென் போன்ற வலிமாத்திரையைச் சாப்பாட்டோடு போடுவதுதான் நல்லது. பெரிய சாப்பாடு தேவையில்லை, அரை வாழைப்பழமும் நாலு ஸ்பூன் தயிரும் போதும். மரப்பு முழுதாக விடுவதற்கு முன்பே, மெல்லத் தேவையில்லாத எதையாவது விழுங்கி முதல் மாத்திரையைப் போட்டுவிட்டால் அன்றைய இரவு சுலபமாகப் போகும். வயிற்றுப்புண் இருந்திருந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், பாராசிட்டமாலை வைத்துச் சமாளிக்க முடியுமா என்று அவர் பார்ப்பார். ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் பெயரைப் பாருங்கள்: டாக்ஸிசைக்ளின் என்றால் பால், தயிரோடு சேர்த்துப் போடாதீர்கள், மருந்து உடம்பில் சேர்வது குறையும். மெட்ரோனிடசோல் என்றால் மது கூடவே கூடாது.

24 மணி நேரம் கழிந்ததும், ஒவ்வொரு முறை சாப்பிட்ட பிறகும் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு வாயில் வைத்துக்கொள்ளுங்கள். கொப்பளிக்க வேண்டாம். தலையை மெல்ல இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்த்துவிட்டு, தொட்டியின் மேல் குனிந்து வாயைத் திறந்தால் நீர் தானாக விழும்.

நான்காம் நாளிலிருந்து மெல்ல ஏறலாம்: குழைந்த சோறு, நன்றாக வெந்த நூடுல்ஸ், ஓரம் நீக்கி சூப்பில் ஊறவைத்த ரொட்டி. நாளுக்கு நாள் வலி குறைய வேண்டும், அதுதான் சரியான போக்கு. மூன்றாம் நான்காம் நாளில் திடீரென்று வலி கூடி, வாயில் கெட்ட நாற்றமும் சுவையும் வந்தால், சாப்பாட்டை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். காய்ச்சல், விழுங்க முடியாமை, அழுத்திக் கடித்தும் நிற்காத இரத்தம் என்றால் உடனே கூப்பிட வேண்டும். குழியில் வெள்ளையாகப் படர்ந்திருப்பதைச் சீழ் என்று நினைத்துக் குத்தி எடுக்காதீர்கள். வலி கூடாதவரை, பெரும்பாலும் அது ஆறும் புண்ணின் மேல் படியும் படலம்தான்.

பெரும்பாலானவர்கள் ஒரு வாரம் பத்து நாளில் வழக்கமான சாப்பாட்டுக்கு வந்துவிடுவார்கள். சிப்ஸ், கடலை வகைகளுக்கு இரண்டு வாரமாவது விடுங்கள். பாப்கார்ன் மட்டும் கடைசி. அதன் மெல்லிய தோல் குழிக்குள் போய்விட்டால் நாக்குக்கும் எட்டாது, பிரஷ்ஷுக்கும் எட்டாது. ஈறு மூடி, நாக்கால் தடவினால் பள்ளம் தட்டுப்படாத நாள்வரை, அதாவது மூன்று நான்கு வாரம், அதைத் தள்ளிவையுங்கள்.