ஒட்டுசுட்டான் டீச்சரின்ர கேள்வி: நாளாந்த எழுத்துக்கு மலிவான மைப்பேனை எது?

கேள்வி: நான் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறன். பாடக்குறிப்பு, வரவு இடாப்பு, தேர்ச்சி அறிக்கை எண்டு நாள் முழுக்க எழுத்துதான். போல்பொயின்ற்றால எழுதி மணிக்கட்டு நோகுது. மைப்பேனைக்கு மாறச் சொல்லுகினம். பேனை எடுத்துக் குடுக்கிற தம்பி ஒருத்தர் ஹீரோ 616, ஜின்ஹாவ் எக்ஸ் 450, பிளாட்டினம் ப்ரெப்பி மூண்டும் இருக்கு எண்டுறார். கொஞ்சம் கூடக் குடுத்தா தங்க நிப்பு போட்ட செற் ஒண்டும் தருவாராம். அரைவாசிக் காசு முன்னுக்குக் கேக்கிறார். எதை எடுக்கட்டும்? மட்டை போட்ட சீ ஆர் கொப்பியில மை ஊறாதோ?

பதில்: டீச்சர், ப்ரெப்பியை எடுங்கோ, அதிலயும் 0.3 எண்டு போட்டது, அது நிப்பு எழுதுற கோட்டின்ர தடிப்பு. ஆனா பேனை கையில வந்து ஒருக்கா எழுதிப் பாக்குமட்டும் அந்தத் தம்பிக்கு ஒரு சதமும் குடுக்காதேங்கோ. செற் கதையை அப்பிடியே விடுங்கோ. கேட்டதுக்கு மறுமொழி இவ்வளவுதான், ஏனெண்டதை கீழ சொல்லுறன்.

முதல்ல அந்த மணிக்கட்டு. போல்பொயின்ற்றுக்குள்ள இருக்கிறது பசை மாதிரித் தடிச்ச மை, நீங்கள் அமத்தி எழுதினாத்தான் குண்டு உருண்டு அது வெளிய வரும், நாள் முழுக்க அமத்தினா கை நோகாம என்ன செய்யும். மைப்பேனையில இருக்கிறது தண்ணி மை. விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி நிப்பில இருக்கிற கீறு மையைத் தானா இழுத்துக் கடதாசிக்குக் குடுக்கும், கடதாசியில தொட்டாலே போதும். அதால நோவு குறையும், ஆனா பேனையை மாத்தினவுடன குறையாது, பழைய பழக்கத்தில அமத்திக்கொண்டேதான் இருப்பியள். அமத்தினா நிப்பின்ர ரெண்டு காலும் விரிஞ்சு பேனை பழுதாப் போகும். கொஞ்சம் சரிச்சுப் பிடிச்சு, பிடியைத் தளத்தி, முதல் கிழமை மெதுவா எழுதுங்கோ. விரல் விறைக்குது, ராவில நோவு எழுப்புது எண்டா அது பேனைப் பிரச்சினை இல்லை, டொக்டரிட்டக் காட்டுங்கோ.

இதுக்காகத்தான் ஜின்ஹாவ் எக்ஸ் 450 உங்களுக்கு வேண்டாம் எண்டுறன். அது கூடாத பேனை இல்லை, குடுக்கிற காசுக்கு நல்லாவே எழுதும், மை இழுக்கிற கொன்வேட்டரும் அதோடயே வரும். ஆனா உடம்பு பித்தளை, முப்பது கிராமுக்கு மேல நிறை, மூடியைப் பின்னுக்குச் செருகினா இன்னும் பாரம். கையெழுத்து வைக்கிற அதிபருக்குச் சரி, ஆறு பாடத்துக்குக் குறிப்பு எழுதுற ஆளுக்குச் சரிவராது. ப்ரெப்பி வெறும் பிளாஸ்ரிக், அதில பாதி நிறையும் வராது. ஜின்ஹாவிலதான் வேணும் எண்டா 82 எண்டு சின்னன் ஒண்டு இருக்கு, அது லேசு.

இன்னொண்டு, இந்தப் பேனையளைப் பற்றிச் சொல்லுறவை எல்லாம் இங்கிலீசு எழுத்தை வைச்சுத்தான் சொல்லுகினம். நாங்கள் எழுதுறது ண, ஞ, இ. எக்ஸ் 450 அனேகமா மீடியம் நிப்போடதான் வரும், அதால சின்ன எழுத்தில ண எழுதிப் பாருங்கோ, சுழி எல்லாம் மையால அடைபட்டு மூண்டு சுழியோ ரெண்டு சுழியோ எண்டு தெரியாது, மெய்க்குப் போட்ட குத்தும் கீழ எழுத்தோட ஒட்டிப்போகும். ப்ரெப்பி யப்பான் பேனை, யப்பான் நிப்பு பொதுவா மற்றவையின்ர நிப்பை விட ஒரு படி மெல்லிசு, அதில 0.3 தமிழுக்கு அளவா இருக்கும். 0.2 உம் இருக்கு, ஆனா எங்கட கொப்பித் தாளை அது சுரண்டும், வேண்டாம்.

ஹீரோ 616 ஐப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேணும், ஏனெண்டா கூடுதலா ஏமாறுறது அதிலதான். அது ஷாங்காயில செய்த பேனை, 1941 இல வந்த பார்க்கர் 51 இன்ர சாயல், நிப்பு முக்காவாசி மூடின மாதிரி இருக்கும், அதால லேசில காயாது. உள்ளுக்கு றப்பர் பை, அமத்தி அமத்தி மை எடுக்கிறது. எங்கட அப்பாமார் காலத்து ஆக்கள் ஹீரோ எண்டா கண்ணை மூடிக்கொண்டு வேண்டுவினம். இண்டைக்கு ஒன்லைனில பத்துப் பேனை ஒரு கட்டு எண்டு சல்லி விலைக்கு வாறதில கனக்க போலி. மூடி நிக்காது, நிப்பு கீறும், ஒண்டு எழுதும், பக்கத்தில இருக்கிறது எழுதாது. அதை ஆரோ கட்டோட இறக்கி, ஒவ்வொண்டாப் பிரிச்சு, ஒண்டுக்கு மூண்டு மடங்கு விலை வைச்சு டியூட்டரி வாசலிலயும் பேஸ்புக்கிலயும் "ஒறிஜினல்" எண்டு விக்கினம். இஞ்ச இருக்கிற பிள்ளையளுக்கு ஒறிஜினல் எது எண்டு எப்பிடித் தெரியும், ஒரு கடையில கண்டிருந்தாத்தானே. பழைய ஸ்ரேசனறிக் கடையில தூசி பிடிச்சுக் கிடக்கிற உண்மையான 616 கிடைச்சா, மையில தொட்டு எழுதிப் பாத்து, ஓடினா யோசிக்காம எடுங்கோ. அந்தத் தம்பி கொண்டு வாறதை நான் எடுக்கமாட்டன்.

இனி அந்தத் தங்க நிப்பு. நிப்பில 18 கே ஜி பி எண்டு வெட்டியிருக்கும், தம்பி அதில 18 கே யை மட்டும் வாசிச்சுக் காட்டியிருப்பார். பின்னால வாற ஜி பி எண்டது முலாம். உள்ளுக்கு இரும்பு நிப்புத்தான், மேல பூசின தங்கம் மூக்குத்தி ஒண்டுக்கும் காணாது. சிலதில "இரிடியம் பொயின்ற் ஜேர்மனி" எண்டு இருக்கும், அதைப் பாத்திட்டு ஜேர்மனிப் பேனை எண்டு விலை ஏத்துவினம், அனேகமா சீனாப் பேனையிலதான் அந்தப் பேரைக் காணலாம். உண்மையான தங்க நிப்புப் பேனை நீங்கள் நினைக்கிற விலையிலயே இல்லை, அதைச் சொல்லிப்போட்டன். இரும்பு நிப்பு ஒரு குறையும் இல்லை, பள்ளிக்கூட எழுத்துக்கு அதுதான் திறம். செற்றுக்கு வெல்வெற் பெட்டி, கீ ராக், இன்னொரு போல்பொயின்ற் எல்லாம் சேத்துக் குடுப்பினம், நீங்கள் குடுக்கிற காசில பாதி அந்தப் பெட்டிக்குத்தான்.

முற்பணம் கேக்கிறவை எல்லாரும் கள்ளர் எண்டு சொல்லேல்ல. ஆனா பேனை வந்தாப்பிறகு எழுதாட்டி ஆரிட்டப் போறது? ஒன்லைன் கடை விக்கிறவரைக் காட்டும், விக்கிறவர் கூரியரைக் காட்டுவார், கூரியர்காரன் கையெழுத்து வைச்சீங்கள்தானே எண்டுவான். சீனாவில இருந்து நேர எடுப்பம் எண்டா அந்தச் சின்னப் பொதிக்கும் வரி, கட்டணம் எண்டு வந்தா பேனை விலையைத் தாண்டிப்போம். கொழும்பில இருக்கிறவை கடைக்குப் போய் பத்துப் பேனையை எழுதிப் பாத்து ஒண்டை எடுக்கினம், முல்லைத்தீவில இருக்கிறவை படத்தைப் பாத்துக் காசு கட்ட வேணும். விலை நான் எழுதேல்ல, 2022 இல ரூபா விழுந்த பிறகு நேற்றைய விலை இண்டைக்கு இல்லை, எழுதினா அதையே ஆரும் உங்களுக்குக் காட்டிப் பேரம் பேசுவினம். சொந்தக்காரர் ஆரும் கனடா, லண்டனில இருந்து வருகினம் எண்டா சொக்லேற்றுக்குப் பதிலா ரெண்டு ப்ரெப்பியும் ஒரு பெட்டி காற்றிஜ்ஜும் (மை அடைச்சு வாற சின்னக் குழாய்) கொண்டு வரச் சொல்லுங்கோ, பாரமே இல்லை.

எடுக்கேக்க இதைச் செய்யுங்கோ. போனில கமெராவைப் பெருப்பிச்சு நிப்பு நுனியைப் பாருங்கோ, ரெண்டு காலும் ஒரே மட்டத்தில இருக்க வேணும். ஒண்டு ஏறி ஒண்டு இறங்கி இருந்தா அது கீறும். பிறகு மையில தொட்டு ண ணை ஞ எழுதுங்கோ. விக்கிறவர் தொட விடாட்டி வேண்டாம்.

ப்ரெப்பியிலயும் குறை இருக்கு. பிளாஸ்ரிக் வெடிக்கும், முக்கியமா மூடி விளிம்பு. அதுக்கெண்டு இருக்கிற கொன்வேட்டர் பேனையை விட விலை, அதை வேண்டாதேங்கோ, காலியான காற்றிஜ்ஜுக்குள்ள பார்மசி ஊசிச் சிறிஞ்சால போத்தல் மையை விட்டு நிரப்புங்கோ, ஒண்டைத் திருப்பித் திருப்பிப் பாவிக்கலாம். மூடிக்குள்ள ஸ்பிரிங் வைச்ச உள்மூடி ஒண்டு இருக்கு, அதால நாள்க்கணக்கில திறக்காம விட்டாலும் மை காயாது. கம்பனிக்காரர் ஒரு வருசம் எண்டுகினம். எங்கட வெயிலுக்கு நான் அவ்வளவுக்கு நம்பமாட்டன், ஆனா தவணை லீவுக்குத் தாங்கும். பேனை உடம்புக்குள்ள நேர மையை ஊத்திப் பாவிக்கலாம் எண்டு வீடியோக்களில காட்டுவினம், இஞ்ச அதைச் செய்யாதேங்கோ. மை குறைய உள்ளுக்குக் காத்துக் கூடும், கைச்சூட்டிலயும் வெயிலிலயும் அது விரிஞ்சு மையைக் குபுக்கெண்டு கொப்பியில தள்ளும்.

சீ ஆர் கொப்பியில ஊறும், பொய் சொல்லேல்ல. மெல்லிசுத் தாளில பின்பக்கம் தெரியும். 0.3 நிப்பு மை குறைய விடுறதால தாங்கக்கூடியதா இருக்கும், பெலிக்கான் 4001 மாதிரி ஓட்டம் குறைஞ்ச மை எண்டா இன்னும் நல்லம். கொமினிக்கேசன் கடையில பிறிண்டருக்கு விடுற மையை "இதுவும் மைதானே" எண்டு ஊத்தித் தருவினம், விடாதேங்கோ. முத்திரை மையும், படம் கீறுற இந்தியன் இங்கும் அப்பிடித்தான். அதுகள் உள்ளுக்குக் காய்ஞ்சா பேனை துலைஞ்சுது.

இனி நீங்கள் கேக்காத ஒண்டு, இதைக் கட்டாயம் சொல்லியாகோணும். வரவு இடாப்பு, புள்ளிப் பட்டியல், தேர்ச்சி அறிக்கை, இதுகளை சாதாரண நீல மையால எழுதாதேங்கோ. வோஷபிள் எண்டு போத்தலில போட்டிருந்தா அது கழுவுப்படும் எண்டுதான் அர்த்தம். 2018 டிசம்பரில இரணைமடுக் குளம் திறந்து வெள்ளம் வந்ததை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தண்ணி பட்ட இடாப்பில போல்பொயின்ற் எழுத்து நிக்கும், இந்த மை நீலக் கறையா ஓடிப்போம், பிறகு ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் வந்ததுக்கு அத்தாட்சி இல்லை. வெள்ளம் வேண்டாம், ஒழுகுற கூரைக்குக் கீழ இருக்கிற அலுமாரியே காணும். மைப்பேனையாலதான் எழுதுவன் எண்டா பிளாட்டினம் கம்பனியின்ர புளூ பிளாக் காற்றிஜ் இருக்கு, இரும்புச்சத்துச் சேந்த மை, எழுதேக்க நீலமா இருந்து பிறகு கறுக்கும், தண்ணி பட்டாலும் கோடு நிக்கும். பெலிக்கான் 4001 இலயும் புளூ பிளாக் அந்த வகைதான். ஆனா அது கொஞ்சம் அமிலம், மாசத்துக்கு ஒருக்காப் பேனையைக் கழுவ வேணும், காய விட்டா அடைக்கும். இந்தக் கரைச்சல் ஏலாது எண்டா இடாப்புக்கு மட்டும் போல்பொயின்ற்றை வைச்சிருங்கோ, நானும் அதைத்தான் செய்வன். கார்பன் வைச்சு எழுதுறதுக்கும் போல்பொயின்ற்தான். எல்லாம் கொம்பியூட்டர்மயம் எண்டு கூட்டத்தில சொல்லிப்போட்டு அதே விபரத்தை மூண்டு போமில கையால நிரப்பக் கேக்கினம், உங்கட மணிக்கட்டு நோவில பாதி அங்கயிருந்துதான் வருது, அதுக்கு என்னட்ட மருந்தில்லை.

கொண்டு திரியேக்க நிப்பு மேல பாக்க வைக்க வேணும். மாங்குளம் றோட்டால ஸ்கூட்டியில போறனீங்கள் எண்டா சீற்றுக்குக் கீழ பேனையை வைக்காதேங்கோ, அந்தச் சூட்டில கக்கும், கைப்பையில நிமித்தி வையுங்கோ. மை மாத்தேக்க ஒரு மையை மற்றதோட கலக்காம முதல்ல கழுவுங்கோ. வன்னிக் கிணத்துத் தண்ணி கன இடத்தில கல்லுத் தண்ணி, கேத்திலுக்குள்ள படியிற வெள்ளை நிப்புக் கீறுக்குள்ளயும் படியும், குடிக்கிற ஆர்ஓ தண்ணியிலயோ மழைத் தண்ணியிலயோ அலசுங்கோ, சுடுதண்ணி வேண்டாம். நீண்ட லீவு எண்டா மையை எடுத்திட்டு, தெளிஞ்ச தண்ணி வருமட்டும் சிறிஞ்சால அடிச்சு, நிப்பைத் துணியில கீழ பாக்க நிப்பாட்டி ஒரு ராவு விட்டிட்டு மூடி வையுங்கோ.