புது மாடல் வந்துவிட்டது, என் பழைய மின்காரை இப்போதே தள்ளிவிடலாமா?

திருப்பூர் வாசகர் ஒருவரின் கேள்வி, சுருக்கமாக: "2021 ஆகஸ்டில் டாடா நெக்ஸான் ஈவி வாங்கினேன், 30.2 கிலோவாட் அவர் பேட்டரி. ஆன்ரோடு 16 லட்சம் ஆனது. 78,000 கி.மீ. ஓடியிருக்கிறது. கம்பெனிக்குப் போய்வர தினம் 50 கி.மீ., மாதம் ஒருமுறை மாமனார் வீட்டுக்கு மதுரை. கடனில் 3 லட்சம் பாக்கி, மாதம் 11,000 கட்டுகிறேன், முடிய இன்னும் இரண்டரை வருடம் ஆகும். இப்போது 45 கிலோவாட் அவர் நெக்ஸான், எம்ஜி வின்ட்சர் ப்ரோ என்று பெரிய பேட்டரிக் கார்கள் வந்துவிட்டன. எக்சேஞ்சில் கேட்டால் 6.25 லட்சம்தான் என்கிறார்கள். இன்னும் இறங்குவதற்குள் கொடுத்துவிட்டு மாறுவதா?"

16 லட்சம் போட்ட காருக்கு 6.25 என்று கேட்டதும் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் அந்தப் பத்து லட்சம் நீங்கள் விற்கிற அன்றைக்குப் போகப்போவதில்லை, அது ஏற்கெனவே போய்விட்டது. நீங்கள் நாளைக்கு விற்றாலும் விற்காவிட்டாலும் திரும்பி வராது. அதனால் "எவ்வளவு நஷ்டம்" என்ற கணக்கை ஓரமாக வையுங்கள். புதுக் காருக்கு இனிமேல் கையை விட்டுப் போகப்போகும் காசு எவ்வளவு, அதற்குப் பதிலாகக் கிடைப்பது என்ன, இந்த இரண்டும்தான் கேள்வி.

ஏன் இவ்வளவு இறங்கியது என்பதையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அடுத்து வாங்கும் காருக்கும் இதேதான் நடக்கும். 2020 ஜனவரியில் நெக்ஸான் ஈவி வந்தபோது ஷோரூம் விலை 13.99 லட்சத்தில் தொடங்கியது, அதற்குக் கிடைத்தது 30.2 கிலோவாட் அவர் பேட்டரி. (ஒரு கிலோவாட் அவர் என்பது நம் வீட்டு மீட்டரில் ஓடும் ஒரு யூனிட்தான், இனி யூனிட் என்றே சொல்கிறேன்.) 2022 மே மாதம் 40.5 யூனிட் பேட்டரியோடு நெக்ஸான் ஈவி மேக்ஸ் வந்தது, 17.74 லட்சத்திலிருந்து. 2023 ஜனவரியில் மகிந்திரா தன் எக்ஸ்யூவி 400-ஐ 15.99 லட்சத்துக்கு இறக்கிய கையோடு நெக்ஸான் விலை குறைந்தது. 2024 பிப்ரவரியில் பேட்டரி செல் விலை குறைந்துவிட்டது என்று சொல்லி 1.20 லட்சம் வரை மறுபடி குறைத்தார்கள். அதே வருடம் செப்டம்பரில் ஆரம்ப விலை 12.49 லட்சம் ஆனது, 45 யூனிட் பேட்டரி வண்டி 13.99 லட்சத்தில் தொடங்கியது. அதாவது 2020-ல் 30 யூனிட் தந்த அதே 13.99 லட்சம், நான்கரை வருடத்தில் 45 யூனிட் தந்தது. பெட்ரோல் காரில் புது மாடல் வந்தால் விளக்கு, பம்பர், உள்ளே ஒரு திரை, இவ்வளவுதான் மாறும். டேங்க் ஒன்றரை மடங்கு பெரிதாகி விலையும் ஏறாமல் இருந்தால் பழைய பெட்ரோல் காரும் இப்படித்தான் விழுந்திருக்கும்.

பழைய மின்காரை வாங்க வருகிறவர் நீங்கள் 2021-ல் கொடுத்த பில்லைப் பார்ப்பதில்லை. இன்றைக்கு ஷோரூமில் இருக்கும் மிக மலிவான புது வண்டியின் விலையைத்தான் மனதில் வைத்திருக்கிறார், அதிலிருந்து கழித்துக்கொண்டே வருகிறார். 2024 செப்டம்பரில் வின்ட்சர் 9.99 லட்சம் என்று விளம்பரம் வந்த வாரத்திலிருந்து, என்னிடம் பழைய மின்கார் விலை கேட்ட ஆட்கள் பாதிப்பேர் "புதுசே பத்துக்குள் வருதே சார்" என்று ஆரம்பித்தார்கள். அது பேட்டரி இல்லாத விலை, பேட்டரிக்குக் கி.மீ.க்கு 3.50 ரூபாய் தனியாகக் கட்ட வேண்டும், மாதம் 1,500 கி.மீ. ஓடினால் 5,250 ரூபாய், பேட்டரியோடு வாங்கினால் 13.50 லட்சம் என்றெல்லாம் விளக்கினாலும் அந்த 9.99 மண்டையை விட்டு இறங்குவதில்லை. அப்புறம் 2025 செப்டம்பர் 22-ல் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கி, புது பெட்ரோல் நெக்ஸானே 7.32 லட்சத்தில் தொடங்கியது. மின்காருக்கு முன்பே 5 சதவீதம்தான், அதில் குறைக்க ஒன்றும் இல்லை. 7 லட்சம் கையில் வைத்திருப்பவருக்கு உங்கள் பழைய ஈவியோடு இப்போது ஒரு புது பெட்ரோல் நெக்ஸானும் போட்டிக்கு வந்துவிட்டது.

இது நம்மூர் கதை மட்டும் இல்லை. 2023 ஜனவரியில் அமெரிக்காவில் டெஸ்லா தன் புதுக் கார் விலையை 20 சதவீதம் வரை வெட்டியது. சரியாக ஒரு வருடம் கழித்து, வாடகைக்கு விட வாங்கி வைத்திருந்த மின்கார்களில் சுமார் 20,000-ஐ விற்றுத் தலைமுழுகப்போவதாக ஹெர்ட்ஸ் நிறுவனம் அறிவித்தது. பழைய கார் மதிப்பை நாள் முழுக்கக் கணக்குப் பார்க்கும் நிறுவனத்துக்கே அந்தக் கதி.

சரி, இன்னும் இறங்குமா? இறங்கும், ஆனால் முதல் நான்கு வருடம் இறங்கிய வேகத்தில் இறங்காது. இனி உங்கள் வண்டியின் விலையைத் தீர்மானிக்கப்போவது புது மாடலைவிட பேட்டரி வாரண்டிதான் என்பது என் கணிப்பு. உங்களுக்கு 8 வருடம் அல்லது 1.6 லட்சம் கி.மீ., எது முதலில் வருகிறதோ அது. 2029 ஆகஸ்ட் வரை இன்னும் மூன்றரை வருடம் இருக்கிறது. நீங்கள் ஓட்டுகிற கணக்குக்குக் கி.மீ.யும் அந்த நேரத்துக்கு 1.4 லட்சத்தை ஒட்டி வந்துவிடும். மூன்று வருட வாரண்டி பாக்கி இருக்கும் வண்டிக்கு ஆள் வருவார்கள். ஒரு வருடம்தான் பாக்கி என்றால் வருகிறவர் பேட்டரி மாற்றும் செலவைப் பயந்து பயந்து கழிப்பார். வாரண்டி முடிந்தபின் அது வேறு சந்தை. ஆக, விற்பதென்றால் அடுத்த ஒன்றரை வருடத்துக்குள் விற்றுவிட வேண்டும், இல்லையென்றால் விற்பதையே மறந்து ஓடும்வரை ஓட்ட வேண்டும். 2028-ல் போய் விற்கலாமா என்று யோசிப்பதுதான் மோசமான இடம்.

நானே அப்படி ஒருமுறை இழுத்தடித்து மாட்டியிருக்கிறேன். 2023 கடைசியில் என் மின்காருக்கு ஒருவர் நல்ல விலை சொன்னார். பொங்கல் கழித்து இன்னும் 30,000 ஏற்றிக் கேட்கலாம் என்று பேராசைப்பட்டேன். பிப்ரவரியில் புது வண்டி விலை குறைந்தது, அதே ஆள் ஒரு லட்சம் குறைத்துக் கேட்டார், அந்த விலைக்கே கொடுத்தேன்.

இப்போது உங்கள் கணக்கு. 6.25 லட்சத்தில் கடன் பாக்கி 3 லட்சம் முதலில் போய்விடும், மிஞ்சுவது 3.25. புது வண்டி ஆன்ரோடு 18 லட்சம் என்று வைத்துக்கொள்வோம், 14.75 லட்சம் புதுக் கடன். 9 சதவீத வட்டியில் ஐந்து வருடம் என்றால் மாதம் 30,600 ரூபாய், மொத்த வட்டி 3.6 லட்சம். இப்போது கட்டும் 11,000-ஐக் கழித்தாலும் மாதம் 19,600 ரூபாய் கூடுதல், அதுவும் இரண்டரை வருடத்தில் முடியவேண்டிய கடன் ஐந்து வருடமாக நீளும். இந்தக் காசுக்கு என்ன கிடைக்கிறது? தினசரி 50 கி.மீ.க்கு எதுவும் கிடைக்காது, அதை உங்கள் பழைய வண்டியே இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை சார்ஜ் போட்டு ஓட்டிவிடும். கிடைப்பது மாதம் ஒருமுறை மதுரை போகும்போது திண்டுக்கல் பக்கம் டிசி சார்ஜரில், அதாவது வேக சார்ஜரில், நிற்கும் நேரம் மிச்சம், அவ்வளவுதான். மதுரையில் இரவு 15 ஆம்ப்ஸ் பிளக்கில் போட்டுவிட்டால் திரும்பும்போது அந்த நிறுத்தமும் சின்னதாகிவிடும். ஒரு மணி நேர டீ நிறுத்தத்துக்கு மாதம் 19,600 ரூபாய் என்பது எனக்கு ரொம்ப அதிகமாகப் படுகிறது.

இன்னொரு சின்ன விஷயம், ஷோரூமில் சொல்லமாட்டார்கள். 2019 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை அனுமதிக்கப்பட்ட மின்வாகனக் கடனின் வட்டிக்கு 80இஇபி பிரிவில் வருடம் 1.5 லட்சம் வரை வருமான வரிக் கழிவு உண்டு. பழைய வரி முறையில் நீங்கள் இருந்தால் உங்கள் 2021 கடனுக்கு அது ஓடிக்கொண்டிருக்கும், அதை மூடிவிட்டு எடுக்கும் புதுக் கடனுக்குக் கிடையாது. உங்கள் பாக்கிக்குப் பெரிய தொகை வராது, ஆனால் தெரிந்தே விட வேண்டியதில்லை.

அதனால் என் பதில்: இப்போது மாறாதீர்கள். மதுரை மாதம் ஒருமுறை என்பது வாரம் ஒருமுறையானால், அல்லது கோவை, சேலம் என்று தினம் 150 கி.மீ.க்கு மேல் ஓடவேண்டிய வேலை வந்தால், அல்லது பேட்டரி உண்மையிலேயே தளர்ந்திருந்தால் மட்டும் மறுபடி யோசியுங்கள். இன்னும் நல்ல மாடல் வரட்டும் என்று காத்திருப்பதையும் நான் ஒரு காரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஹூண்டாய் கிரெட்டா எலக்ட்ரிக், தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் திறந்த வின்ஃபாஸ்ட் ஆலையின் வண்டிகள், குஜராத்தில் மாருதி இ-விட்டாரா என்று வரிசையாக வந்துகொண்டேதான் இருக்கும். எப்போது வாங்கினாலும் அடுத்த வருடம் அதைவிட நல்லது வரும்.

பேட்டரி தளர்ந்திருக்கிறதா என்பதை வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம். சார்ஜர் பாயின்ட்டுக்கு ஒரு சப் மீட்டர் மாட்டி, 10 சதவீதத்திலிருந்து 100 வரை மெதுவான சார்ஜில் ஒரே மூச்சில் ஏற்றுங்கள். 28-லிருந்து 30 யூனிட் இழுத்தால் நன்றாக இருக்கிறது, சார்ஜரில் வீணாவதும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. 24, 25-லேயே நிறைந்துவிட்டால் சர்வீஸ் சென்டரில் பேட்டரி ஆரோக்கிய அறிக்கை எடுத்து, வாரண்டி இருக்கும்போதே புகாரை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். உங்களுடையது எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை பேட்டரி, வாரத்தில் ஒருநாளாவது மெதுவான சார்ஜில் 100 வரை விட்டால்தான் செல்கள் சமமாகும். பல பேருக்கு ரேஞ்ச் குறைந்ததுபோலத் தெரிவது இதைச் செய்யாததால்தான்.

அப்படியும் விற்றே தீருவதென்றால் எக்சேஞ்சில் கொடுக்காதீர்கள். வியாபாரி வைக்கும் லாபத்தின் மேல் முன்பு பழைய மின்காருக்கு 12 சதவீத ஜிஎஸ்டி இருந்தது, 2024 டிசம்பர் கவுன்சில் கூட்டத்துக்குப் பின் 18 ஆகிவிட்டது, அதையும் உங்கள் விலையில்தான் கழிப்பார்கள். நேரடியாக இன்னொரு குடும்பத்துக்கு விற்றால் அந்த வரி இல்லை. ஏற்கெனவே ஒரு பெட்ரோல் கார் இருந்து, பள்ளிக்கூடம், கடைத்தெரு என்று ஓட்ட இரண்டாவது வண்டி தேடுபவர்தான் உங்கள் ஆள். பேட்டரி அறிக்கை, முழு சர்வீஸ் பதிவு, வாரண்டி அடுத்தவர் பெயருக்கு மாறும் என்பதற்கு எழுத்தில் ஒரு பதில், இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசினால் அவர் பயம் பாதி குறையும்.

வாங்கும்போதும் புதுசுதான் வேண்டுமா என்று பாருங்கள். உங்களுக்கு நடந்ததுதான் 40.5 யூனிட் மேக்ஸ் வாங்கியவருக்கும் நடந்தது, அவர் இழந்ததை நீங்கள் இழக்காமல் அந்த வண்டியை வாங்கலாம். புதுசு என்றால் வாழ்நாள் பேட்டரி வாரண்டி என்ற விளம்பரத்தைக் கவனமாகப் படியுங்கள். மகிந்திரா, எம்ஜி, டாடா மூன்றும் அதை முதல் ஓனருக்குத்தான் தருகின்றன, டாடா கணக்கில் வாழ்நாள் என்பது 15 வருடம். நீங்கள் விற்கும்போது அது வாங்குகிறவருக்கு அப்படியே போகாது, அதற்குத் தகுந்த மாதிரி அவரும் கழிப்பார். பேட்டரி வாடகைத் திட்டத்தில் வாங்கினால் விற்கும்போது இரண்டு கணக்கை முடிக்க வேண்டும், கார்க் கடன் ஒன்று, பேட்டரி ஒப்பந்தம் ஒன்று.

விற்கும்போது வங்கியில் என்ஓசி (கடன் பாக்கி இல்லை என்ற சான்று) வாங்கிப் படிவம் 35 கொடுத்து ஆர்சியில் ஹைப்போதிகேஷனை, அதாவது வங்கிக் கடன் பதிவை, நீக்கிவிட்டு, 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போடுங்கள். பெயர் மாற்றம் முடிந்த ஆர்சியைக் கண்ணால் பார்க்கும்வரை முழுக்காசும் வந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஃபாஸ்டேக்கை மூட மறக்காதீர்கள், என் பழைய வண்டி கிருஷ்ணகிரி டோலைத் தாண்டிய செய்தி எனக்கு மூன்று மாதம் வந்துகொண்டிருந்தது.