நீலமா, வெள்ளியா: புளூஸ்ரீக் பற்றிய ஒரு கடிதம்

மதிப்புக்குரிய ஐயா,

நான் சிறுவனாக இருந்தபோது, 1986 இல், லண்டனிலிருந்து வந்த மாமா எனக்கு ஒரு ட்ரான்ஸ்போமர்ஸ் கார் கொண்டுவந்து தந்தார். காராகவும் நிற்கும், றோபோவாகவும் மாறும். பெட்டியில் புளூஸ்ரீக் என்று பெயர் போட்டிருந்தது. 1995 இடப்பெயர்வில் வீட்டுச் சாமான்களோடு அதுவும் போய்விட்டது. என் நினைவில் அது நீல நிறக் கார். ஆனால் ஸ்காபரோவில் இருக்கும் என் மச்சான் இவற்றைச் சேகரிப்பவர்; அவரோ நீல நிறத்தில் அது கடைக்கு வரவே இல்லை, வந்தது வெள்ளி நிறம் மட்டும்தான் என்கிறார். இப்போது ஒருவர் பழைய பெட்டியோடு நீல நிறப் புளூஸ்ரீக் ஒன்றைப் பெரிய விலை சொல்லி விற்கிறார். அதை வாங்க நினைத்தேன், மச்சான் ஏசுகிறார். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இது பெரிய வாக்குவாதமாகி, "நாற்பது வயது தாண்டின ஆம்பிளையள் ஒரு விளையாட்டுச் சாமானின்ரை நிறத்துக்கு இப்பிடி அடிபடுறதோ?" என்று அக்கா கேட்டுவிட்டார். எது சரியான நிறம்? என் நினைவு பிழையா?

வாசகர் ஒருவர், கோண்டாவில்

அன்புள்ள தம்பி,

முதலில் அக்காவின் கேள்வி. ஒரு பொருள் எப்போது, யாரால், எந்த வடிவில் செய்யப்பட்டது என்பதைச் சான்று வைத்து வாதிடுவது வயதுக்கு ஒவ்வாத காரியம் அல்ல. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, ஏடுகளை ஒப்புநோக்கி எந்தப் பாடம் முந்தியது, எது பிந்திப் புகுந்தது என்று பார்த்த கண்தான் இங்கும் வேண்டும். பொருளின் பெருமை வேறு. அதை ஆராயும் முறை ஒன்றே. உங்களுக்கும் மச்சானுக்கும் உள்ள சிக்கல், இருவரும் வெவ்வேறு ஏடுகளை வைத்துக்கொண்டு ஒரே நூலைப் பற்றிப் பேசுவதால் வந்தது.

இந்தப் பொம்மைகள் ட்ரான்ஸ்போமர்ஸ் என்ற பெயரோடு பிறந்தவை அல்ல. ஜப்பானின் தகாரா நிறுவனம் 1980 இல் டயாகுளோன் என்ற வரிசையைத் தொடங்கியது. அதில் வந்த கார்களுக்குத் தனிக் குணமோ வரலாறோ கிடையாது. அவை சிறிய மனித உருவங்கள் உள்ளே ஏறி ஓட்டும் இயந்திரங்கள். அமெரிக்காவின் ஹாஸ்புரோ அந்த அச்சுகளையும் தகாராவின் மைக்ரோமான் வரிசையிலிருந்து வேறு சில அச்சுகளையும் எடுத்து, 1984 இல் புதிய பெயரில் சந்தைக்கு விட்டது. பெயர், குணம், பகை, நட்பு எல்லாம் அதன் பிறகுதான் எழுதப்பட்டன. அவற்றிற் பெரும்பகுதியை எழுதியவர் மார்வெல் என்ற சித்திரக்கதை நிறுவனத்தில் வேலைசெய்த பாப் புடியான்ஸ்கி. ஆகவே இந்தப் பாத்திரங்களைப் பொறுத்தவரை உடல் முன்னது, உயிர் பின்னது. நிறத்தைப் பற்றிய சண்டைகளில் முக்கால்வாசி இந்த வரிசையை மறப்பதால் வருகின்றன.

புளூஸ்ரீக்கின் உடல் நிசான் ஃபெயர்லேடி இசட் கார். அதே அச்சில் பொலிஸ் காராக வந்தவர் ப்ரௌல்; 1985 இல் பந்தயக் காராக வந்தவர் ஸ்மோக்ஸ்கிரீன். காரின் முன்மூடி நெஞ்சாக மடியும், இரு கதவுகளும் முதுகுப்புறம் சிறகுகள்போல் விரிந்து நிற்கும், தோள்களில் ஏவுகணைக் குழல்கள் பொருந்தும். டயாகுளோன் காலத்தில் இந்தக் கார் நீல நிறத்திலும் விற்கப்பட்டது. ஹாஸ்புரோ தன் முதல் ஆண்டு விளம்பரப் பட்டியலைத் தயாரித்தபோது காட்டியதும், பெட்டியின் முகப்பு ஓவியத்தில் இடம்பெற்றதும் அந்த நீலமே. ஆனால் பெட்டியைத் திறந்தவர் கையில் வந்தது வெள்ளிச் சாம்பல் நிறப் பொம்மை. தொலைக்காட்சிச் சித்திரத் தொடரிலும் அவர் சாம்பல் நிறத்தவரே. பெயரில் நீலம், படத்தில் நீலம், பொருளில் வெள்ளி. இத்தனை பேர் இத்தனை ஆண்டுகளாக அடிபடுவதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

எனவே உங்கள் நினைவைப் பிழை என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் வீட்டிலிருந்த பெட்டியில் நீல நிறக் கார் உறுதியாக இருந்தது, ஓவியமாக. அந்தக் காலத்தில் எங்கள் வீடுகளில் வெளிநாட்டுச் சாமானின் பெட்டியை எவரும் எறிவதில்லை. அது அலுமாரிக்கு மேலே ஏறிவிடும். பொம்மையைப் பூட்டி வைத்த நாட்களிலும் பெட்டி கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். இன்னும் சொன்னால், பெட்டியின் ஓவியம் பொம்மையைவிட அழகானது: உறுதியாக நிற்கும் உடல், கூர்மையான முகம், எதையோ எதிர்நோக்கும் பாவனை. ஏறக்குறைய பத்து ஆண்டுகள் அந்த ஓவியத்தைப் பார்த்து வளர்ந்தவருக்கு, சில வேளைகளில் மட்டும் கையில் கிடைத்த பொம்மையின் நிறம் மங்கி, ஓவியத்தின் நிறம் தங்குவது இயல்பு. இது என் ஊகம்தான். ஆனால் மாமா கடையில் வாங்கிவந்த பெட்டிக்குள் நீலக் கார் இருந்தது என்பதைவிட இது நம்பத் தகுந்தது.

மச்சானின் கூற்றில் ஒரு சொல்லை மட்டும் நான் தளர்த்துவேன். "வரவே இல்லை" என்று ஒன்றை முடிந்த முடிபாகச் சொல்வதற்கு ஒவ்வொரு பெட்டியையும் பார்த்தவராக இருக்கவேண்டும். நீலக் கார் ட்ரான்ஸ்போமர்ஸ் பெட்டியில் எங்காவது விற்கப்பட்டதா என்பது சேகரிப்பாளரிடையே பழைய வாக்குவாதம். வழக்கமாக விற்பனையானது வெள்ளி நிறம் என்பதில் ஐயமில்லை என்று அவர் சொல்லியிருந்தால் அது பிழையற்ற கூற்று.

அவர் இன்னொன்றும் சொல்லக்கூடும்: நிறம் மாறினால் பாத்திரமே மாறிவிடும், ப்ரௌலும் ஸ்மோக்ஸ்கிரீனும் அதற்குச் சாட்சி என்று. அதே 1984 இல் வந்த சிறிய கார்கள் இதை ஏற்கவில்லை. பம்பிள்பீ மஞ்சளிலும் சிவப்பிலும் விற்கப்பட்டார். கிளிஃப்ஜம்பர் சிவப்பிலும் மஞ்சளிலும் விற்கப்பட்டார். சிவப்புப் பம்பிள்பீயையும் சிவப்புக் கிளிஃப்ஜம்பரையும் பக்கத்தில் வைத்தால், முன்னது ஃபொக்ஸ்வாகன் பீட்டில், பின்னது போர்ஷ 924 என்ற உடல் வேறுபாட்டால்தான் ஆளை அறியலாம். சித்திரத் தொடர்தான் ஒருவருக்கு மஞ்சளையும் மற்றவருக்கு சிவப்பையும் நிலையாகக் கொடுத்தது. சித்திரத்தை முதற்சான்றாகக் கொள்வோருக்கு அயன்ஹைட்டையும் நினைவூட்டவேண்டும். தொடரில் முழுத் தலையோடு நடமாடும் அவருக்குப் பொம்மையில் தலையே இல்லை. அவர் மாறும் வான் வண்டியின் முன்கண்ணாடிக்குப் பின்னால் முகம் வரைந்த ஒரு ஸ்ரிக்கர் மட்டும் இருக்கும். அங்கே பொம்மையைத் திருத்தியது சித்திரம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் எது முந்தியது, எது எதைத் திருத்தியது என்று தனித்தனியே பார்க்கவேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே விதி போதாது.

நிறத்தைவிட எனக்கு முக்கியமான சான்று பெட்டியின் பின்புறம் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு குறிப்பும், வலிமை, அறிவு, வேகம் முதலிய எட்டு இயல்புகளின் அளவுக் கோடுகளும் அச்சிடப்பட்டிருக்கும்; கோடுகளை வெறும் கண்ணால் படிக்க முடியாது, உள்ளே வரும் சிவப்புப் பிளாஸ்ரிக் தாளை மேலே வைத்தால் தெரியும். புளூஸ்ரீக்கின் குறிப்பு, அவர் ஓயாமல் பேசித் தோழர்களின் மனச்சுமையைக் குறைப்பவர் என்கிறது. போரை வெறுப்பவர் என்கிறது. பகைவர்கள் தம் ஊரை அழித்த நினைவு அவரை விடாமல் துரத்துகிறது என்கிறது. பிள்ளைகளுக்கு விற்கும் பொம்மையின் மட்டையில் அமெரிக்காவில் எழுதப்பட்ட சில வரிகள் இவை. எழுதியவருக்கு எங்களை நினைக்கக் காரணம் எதுவும் இல்லை. ஆனாலும் ஊர் இழந்து, அதைச் சொல்லாமல் மற்றதெல்லாம் பேசிக்கொண்டிருக்கும் ஆட்களை வலிகாமத்தில் நான் பார்த்திருக்கிறேன், நீங்களும் பார்த்திருப்பீர்கள். எந்த நிறத்தில் வந்தாலும் அவர் யார் என்பதை அந்த வரிகள் தீர்மானிக்கின்றன என்பது என் முடிபு. ஒரு காலத்தில் சில்வர்ஸ்ரீக் என்ற பெயரில் விற்கப்பட்டபோதும், சேகரிப்பாளருக்கென வந்த பிற்காலத்து மாஸ்ரர்பீஸ் வரிசையில் வெள்ளியிலும் நீலத்திலும் செய்யப்பட்டபோதும், சேகரிப்பாளர்கள் அவரை அடையாளம் காணத் தடுமாறவில்லை.

இனி விற்பனைக்கு வந்த அந்த நீலக் கார். பொம்மை போலியாக இருக்கவேண்டும் என்பதில்லை. உண்மையான டயாகுளோன் காராகவே இருக்கலாம். ஆனால் திறந்த பெட்டி எதற்கும் சாட்சியாகாது. ஜப்பானில் விற்ற நீலக் காரை எடுத்து ஹாஸ்புரோவின் பெட்டிக்குள் வைத்து, ட்ரான்ஸ்போமர்ஸ் கதையில் அவரது அணிக்குரிய சின்னத்தின் ஸ்ரிக்கரை நெஞ்சில் ஒட்டிவிட எவராலும் முடியும். பழைய ஸ்ரிக்கர்களின் மறுபதிப்புகளும் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. விற்பவர் அதை டயாகுளோன் என்று சொல்லி, அதற்கு உரிய விலை கேட்டால் வாங்குங்கள். அரிய நீலப் புளூஸ்ரீக் என்று சொல்லிக் கேட்கும் விலையைக் கொடுக்கவேண்டாம். என்னைக் கேட்டால், பெட்டியும் பின்மட்டைக் குறிப்பும் பழுதில்லாத ஒரு வெள்ளி நிறப் புளூஸ்ரீக்கைத் தேடித்தரும்படி மச்சானிடமே சொல்லுங்கள். சிவப்புத் தாளும் இருக்கிறதா என்று மறக்காமல் கேட்கச் சொல்லுங்கள். சிறிய பொருளானதால் முதலில் தொலைந்துபோவது அதுதான்.

அன்புடன்.