சாண்டிநல்லா சேறு

ஐயா, வணக்கம். நீலகிரிப் புல்வெளிகள் இருபதாயிரம் ஆண்டுப் பழமையானவை என்று சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். என் தாத்தா வனத்துறையில் வாட்ச்சராக இருந்தவர். "எல்லாம் சோலையாத்தான் இருந்துச்சு, வெட்டி எரிச்சுப் புல்லாக்கிட்டாங்க" என்பார். சேற்றைத் தோண்டிப் பார்த்து இதையெல்லாம் சொல்லிவிட முடியுமா?
மல்லிகா, கோத்தகிரி

அன்புள்ள மல்லிகா,

தாத்தா சொன்னது பழைய சண்டை. 1930களிலேயே ஒரு தரப்பு தீயும் மேய்ச்சலும்தான் காரணம் என்றது. மறுதரப்பு, உறைபனியில் மரக்கன்றுகள் பிழைப்பதில்லை என்றது.

ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் ஒரு சதுப்பு இருக்கிறது. அங்கே செத்த செடிகள் நீருக்கடியில் காற்றுப்படாமல் கிடப்பதால் முழுசாக மக்குவதில்லை. அடுக்கடுக்காகச் சேர்ந்துகொண்டே போகும். பீட் என்பார்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் டிகாக்‌ஷன் நிறத்தில் தண்ணீர் வடியும். எந்த அடுக்கு எத்தனை வயது என்பதை ரேடியோ கார்பன் சொல்லிவிடும்.

அது மரமா புல்லா என்பதைச் சொல்வது வேறு கார்பன். சாதாரணக் கார்பன் 12. கொஞ்சம் கனமானது 13. மரங்கள் இந்தக் கனத்ததை நிறையவே ஒதுக்கும். கரும்பு, கேழ்வரகு, சோளம், வெப்பநிலப் புற்கள் பலவும் அவ்வளவு ஒதுக்குவதில்லை. பொது அளவுகோலோடு ஒப்பிட்டால் மரங்களில் ஆயிரத்துக்குச் சுமார் 27 குறைவு, இவற்றில் 12, 13தான் குறைவு. (நெல்லும் புல்தான், ஆனால் மரங்களின் கட்சி.) தேனில் கரும்புச் சர்க்கரைப் பாகு கலந்திருப்பதைப் பிடிப்பதும் இதே சோதனைதான்.

சுகுமார், ரமேஷ், பந்த், ராஜகோபாலன் என்ற விஞ்ஞானிகள் நால்வரும் நீலகிரிப் பீட்டில் இதை அளந்து 1993இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். பனியூழி, அதாவது உலகமே குளிர்ந்து கிடந்த காலத்தின் உச்சத்தில், சுமார் இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், புல்லின் எண் ஓங்கி நிற்கிறது. பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன், பருவமழை வலுத்தபோது, மரத்தின் பக்கம் சாய்கிறது. சில ஆயிரம் ஆண்டுகள் கழித்து மறுபடி வறட்சி, மறுபடி புல். கோடரிக்கு இதில் என்ன வேலை?

ஒரு சிக்கல் உண்டு. பனியூழியில் காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்துக்கு 190க்குப் பக்கம்தான். இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. அது குறைந்தாலே இந்தப் புற்களுக்குக் கொண்டாட்டம். ஆக, புல் ஓங்கியதை முழுக்க மழைக்குறைவின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனால் புல் அங்கே இருந்தது என்பதில் மாற்றமில்லை.

சரி, தாத்தா சொன்னது முழுக்கத் தப்பா? இல்லை. சோலைகளும் வெட்டப்பட்டன. ஆனால் சும்மா கிடக்கும் நிலம் என்று புல்வெளியில் சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நட்டதுதான் பெரிய கதை. தாத்தா காலத்தில் சீகை நட்ட இடங்கள் எவை என்று அவர் ஏதாவது சொல்லியிருந்தால் எழுதுங்கள்.