மகள் இம்யூனாலஜி படிக்கிறேன் என்கிறாள், நான் என்ன சொல்லட்டும்?

கரூரிலிருந்து எழுதியிருக்கும் அப்பாவுக்கு வணக்கம்.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். நீட் மதிப்பெண் அரசுக் கல்லூரிக்குப் பத்தாது, இன்னொரு வருடம் எழுதச் சொன்னால் மாட்டேன் என்கிறாள். உங்கள் தங்கைக்குப் பத்து வருடமாக லூபஸ், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய். அத்தை படும் பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்த பிள்ளை, "உடம்பே உடம்பை ஏன் அடிக்குதுன்னு கண்டுபிடிக்கணும்" என்கிறாள். அதற்காக இம்யூனாலஜி, அதாவது எதிர்ப்புச் சக்தியைப் பற்றிய அறிவியல், படிக்கிறேன் என்கிறாள். இதற்கு வேலை உண்டா, எத்தனை வருடம் ஆகும், கல்யாணம் எப்போது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றாவது கேள்விக்கு நான் ஆள் இல்லை, சார். மற்ற இரண்டுக்கும் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வருடக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். பிஎஸ்சி 3, எம்எஸ்சி 2, பிஎச்டி 5 அல்லது 6. சொந்தமாக லேப் வைக்கும் விஞ்ஞானி வேலைதான் வேண்டும் என்றால் அதற்கு மேல் போஸ்ட்டாக் என்று பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வுப் பயிற்சி மூன்று நான்கு வருடம், பெரும்பாலும் வெளிநாட்டில். இன்று 17 வயது என்றால் பிஎச்டி முடிக்கையில் 27, 28. கேட்டதும் மயக்கம் வரும். ஆனால் உங்கள் கைக்காசு 22 வயதோடு நிற்க வேண்டும், நிற்கும். மத்திய அரசின் சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு எஸ்ஆர்எஃப் என்ற அடுத்த நிலைக்குப் போனதும் 42,000. விடுதியில் இல்லாவிட்டால் வாடகைப்படி தனி. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை (டிபிடி) நடத்தும் ஜேஆர்எஃப் தேர்வு இன்னொரு வாசல். பணம் சில சமயம் மாதக்கணக்கில் வராமல் இருந்து மொத்தமாக வரும். அந்த நாட்களில் உங்களுக்கு ஒரு போன் வரும், அதற்குத் தயாராக இருங்கள்.

பணம் கட்டி பிஎச்டியில் மட்டும் சேர்க்காதீர்கள். இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. பல வருடம் முன்பு, நெட் கிடைக்காத ஒரு பையன் என்னிடம் வந்தான். ஒரு தனியார் கல்வி நிறுவனத்தில் கட்டணம் கட்டிச் சேர இடம் இருந்தது. "வருடத்தை வீணாக்காதே, சேர்ந்துகொள்" என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். மூன்றாம் வருடம் திரும்பி வந்தான். அதுவரை அவன் செய்திருந்தது பிஎஸ்சி மாணவர்களுக்கு வகுப்பு எடுத்ததும் விடைத்தாள் திருத்தியதும்தான். செல் வளர்க்கும் இன்குபேட்டர் ரிப்பேராகிக் கிடந்ததாம். நெட் கிடைக்கவில்லை என்றால் ஒரு நல்ல லேபில் புராஜெக்ட் அசோசியேட்டாகச் சேர்ந்து, சம்பளம் வாங்கிக்கொண்டே மறுபடி எழுதலாம் என்று அன்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

சரி, மகளிடம் வருகிறேன். அவளிடம் ஒன்றைக் கேளுங்கள். அத்தையைக் குணப்படுத்த ஆசையா, அத்தைக்கு ஏன் இப்படி ஆனது என்று தெரிந்துகொள்ள ஆசையா? முதலாவது என்றால் பாதை எம்பிபிஎஸ், எம்டி, பிறகு லூபஸ் மாதிரி நோய்களுக்கு வைத்தியம் பார்க்கும் டிஎம் கிளினிக்கல் இம்யூனாலஜி, ருமட்டாலஜி என்ற மேற்படிப்பு. புதுச்சேரி ஜிப்மரிலேயே அந்தத் துறை இருக்கிறது. அப்படியானால் நீட்டை இன்னொரு முறை எழுதத்தான் வேண்டும். இரண்டாவது என்றால் மட்டும் மேலே படியுங்கள். ஆராய்ச்சியில் இருப்பவர் பல நாள் நோயாளியின் முகத்தையே பார்ப்பதில்லை. அவருக்கு வருவது எண் ஒட்டிய ஒரு ரத்தக் குழாய்.

அந்தக் குழாய் வந்த பிறகு நடப்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் வேலை என்பது இதுதான். இன்னொரு குழாயில் ஃபைக்கால் என்ற தெளிந்த திரவம். அதைச் சாய்த்துப் பிடித்து, நீர்க்க வைத்த ரத்தத்தை அதன் மேல் மெதுவாக, கலக்காமல் விட வேண்டும். கை நடுங்கினால் போச்சு. சென்ட்ரிஃப்யூஜ் என்ற சுழற்றும் மெஷினில் அரை மணி நேரம், பிரேக் போடாமல். வெளியே எடுத்தால் அடியில் சிவப்பு, மேலே மஞ்சள், நடுவில் பாலாடை மாதிரி மெல்லிய வெண் வளையம். அந்த வளையத்தைத்தான் பிபெட்டில் உறிஞ்சி எடுக்கிறார்கள். 10 மில்லி ரத்தத்தில் ஒரு கோடி செல் தேறினால் நல்ல நாள். அதில் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் (டி செல் என்பது ஒரு வகை வெள்ளை அணு) ஓரிரண்டு லட்சம்தான் இருக்கும். அவற்றுக்குச் சாயம் ஏற்றி, ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற மெஷினில் ஒவ்வொன்றாக ஓடவிட்டு எண்ண வேண்டும். கிளினிக்கிலிருந்து ரத்தம் மாலை நாலு மணிக்கு வரும், மெஷின் ஸ்லாட் எட்டு மணிக்குக் கிடைக்கும். பாதியில் மெஷின் அடைத்துக்கொள்ளும். பத்தரைக்கு முடித்துவிட்டுச் சாப்பிடப் போனால் மெஸ் மூடியிருக்கும். இது பிடிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பிடிக்காதவர்கள் ஆறு மாதத்தில் தெரிந்துகொள்கிறார்கள், அது குற்றமில்லை.

2025 மருத்துவ நோபல் பற்றிய வீடியோவை மகள் காட்டினாள் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பரிசு இதே ஒழுங்குபடுத்தும் டி செல்களுக்குத்தான். ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி, பிறந்து மூன்றாம் நாள், டி செல்கள் வளரும் தைமஸ் சுரப்பியை எடுத்துவிட்ட எலிகளுக்கு ஆட்டோஇம்யூன் நோய், அதாவது லூபஸ் மாதிரி தன்னையே தாக்கும் நோய், வருவதைத் தொடர்ந்து போனவர். அதே இனத்து ஆரோக்கியமான எலிகளின் டி செல்களை அவற்றுக்கு ஊசி போட்டால் நோய் தடுக்கப்படுகிறது. அப்படியானால் டி செல்களுக்குள்ளேயே ஒரு காவல்காரக் கூட்டம் இருக்க வேண்டும் என்றார். அப்போது துறையில் அந்தக் கருத்துக்கு மதிப்பில்லை. விடாமல் பிடித்து 1995இல் அந்தக் கூட்டத்தை அடையாளம் காட்டினார். பரிசு வந்தது 30 வருடம் கழித்து.

உங்களுக்கு நான் காட்ட விரும்புவது மற்ற இருவரை. மேரி பிரங்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெலும் அந்த வேலையைச் செய்தது பல்கலைக்கழகத்தில் அல்ல, அமெரிக்காவில் சியாட்டில் பக்கத்தில் ஒரு பயோடெக் கம்பெனியில். தோல் செதிலாகி, தன் உடம்பைத் தானே அழித்துக்கொண்டு செத்துப்போகும் ஸ்கர்ஃபி என்ற எலி இனத்தில் எந்த ஜீன் கெட்டிருக்கிறது என்று தேடினார்கள். எக்ஸ் குரோமோசோமில் தேடலைச் சுருக்கிச் சுருக்கி 20 ஜீன்களுக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். இருபதாவதில், கடைசியில்தான் கிடைத்தது. ஃபாக்ஸ்பி3 என்று பெயர் வைத்து 2001இல் வெளியிட்டார்கள். சகாகுச்சியின் காவல்காரக் கூட்டம் உருவாக இந்த ஜீன்தான் வேண்டும் என்பது பிறகு தெரிந்தது. பரிசு அறிவித்த நாளில் பிரங்கோ பேராசிரியர்கூட இல்லை, சியாட்டிலில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் புரோகிராம் மேனேஜர். "பேராசிரியர் வேலை கிடைக்காவிட்டால் நடுத்தெருவா?" என்று கேட்டிருந்தீர்களே, அதற்காகச் சொல்கிறேன்.

நம் ஊரிலும் அப்படித்தான். எம்எஸ்சியோடு நிறுத்தினால், சிறுநீரக மாற்று சிகிச்சைக்கு முன் கொடுப்பவரும் பெறுபவரும் பொருந்துகிறார்களா என்று ஹெச்எல்ஏ பொருத்தம் பார்க்கும் லேப்கள், ஆட்டோஇம்யூன் பரிசோதனை செய்யும் டயக்னாஸ்டிக் லேப்கள், மெஷின் விற்கும் கம்பெனிகளில் அப்ளிகேஷன் ஸ்பெஷலிஸ்ட் வேலை. பிஎச்டிக்குப் பிறகு பெங்களூரு, ஹைதராபாத் மருந்துக் கம்பெனிகள். சொரியாசிஸ் என்ற தோல் நோய்க்கான இடோலிசுமாப் மருந்தை 2013இல் இந்தியாவில் கொண்டுவந்தது பெங்களூரு பயோகான். அது டி செல்லின் மேலிருக்கும் ஒரு புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்), முழுக்க இம்யூனாலஜி. அரசு ஆய்வு நிறுவனங்களில் நிரந்தர இடம் மிகக் குறைவு. அதை நம்பி மட்டும் இறங்காதீர்கள்.

அத்தையின் நோய்க்கே ஒரு செய்தி உண்டு. ஜெர்மனியின் எர்லாங்கனில் ஐந்து லூபஸ் நோயாளிகளுக்கு அவரவர் டி செல்லையே எடுத்து மாற்றியமைத்துத் திரும்ப ஏற்றினார்கள். ஐந்து பேருக்கும் நோய் அடங்கி மருந்தை நிறுத்த முடிந்தது என்று 2022இல் எழுதினார்கள். இந்தச் சிகிச்சையைக் கார்-டி என்கிறோம். இந்தியாவில் 2023இல் அனுமதி பெற்ற கார்-டி ரத்தப் புற்றுநோய்க்கானது. உங்கள் தங்கைக்கு நாளைக்கே கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். மகள் படித்து முடிக்கும்போது இந்தத் துறையில் கை தேர்ந்தவர்களுக்குத் தேவை இருக்கும் என்பதற்காகச் சொன்னேன்.

இப்போது சேர்க்கை. பிஎஸ்சியிலேயே "இம்யூனாலஜி" என்ற பெயரைத் தேடி லட்சங்களைக் கொட்ட வேண்டாம். விலங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், எதுவும் போதும். அரசுக் கல்லூரி தாராளம். ஐசர் என்ற மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனங்களின் நுழைவுத்தேர்வு எழுதி திருப்பதியிலோ திருவனந்தபுரத்திலோ ஐந்து வருடப் படிப்பு கிடைத்தால் யோசிக்காமல் அனுப்புங்கள். எம்எஸ்சிக்கு ஜாம், காட்-பி என்ற நுழைவுத்தேர்வுகள். பிஎச்டிக்கு டெல்லி தேசிய நோய் எதிர்ப்பியல் நிறுவனம், பக்கத்தில் வேலூர் சிஎம்சி, சென்னை சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். கூடவே பைத்தான் அல்லது 'ஆர்' (R), ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் மொழி. இன்றைய இம்யூனாலஜியில் பாதி நேரம் ஸ்க்ரீன் முன்னால்தான். பிஎஸ்சி இரண்டாம் வருடம் அறிவியல் அகாடமிகளின் கோடைக்கால உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கட்டும், இரண்டு மாதம் ஒரு லேபில் இருந்து பார்க்கலாம்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். தங்கைக்கு அடுத்த செக்கப் எப்போது? அன்று மகளைக் கூட அனுப்புங்கள். லூபஸுக்குச் செய்யும் ஏஎன்ஏ என்ற ரத்தப் பரிசோதனையை ஸ்லைடில் பார்க்கும் லேபாக இருந்தால், கூட்டமில்லாத நேரத்தில் அங்கிருப்பவரிடம் மைக்ராஸ்கோப்பில் ஒரு நிமிடம் பார்க்கலாமா என்று அவளே கேட்கட்டும். இருட்டில் செல்களின் உட்கரு மட்டும் பச்சையாக ஒளிரும். ரத்தத்தில் இருக்கும் ஆன்டிபாடி அந்தச் செல்லில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிற இடம் அது. பார்த்துவிட்டு பஸ்ஸில் வரும்போது அத்தையிடம் என்னென்ன கேட்டாள் என்று எனக்கு எழுதுங்கள்.